கையில் ஒரு குச்சி: ஒற்றைத் தலைவலி உள்ளவரின் பார்வையில் இம்பிளானான் என்எக்ஸ்டி

ஒற்றைத் தலைவலி உள்ள பெண்ணுக்கு இம்பிளானான் என்எக்ஸ்டி பொருத்தமான கருத்தடையா என்று கேட்டால், முதலில் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிய வேண்டும். தலைவலி தொடங்குமுன் கண்ணில் ஒளியோ நெளிவோ தெரிகிறதா? மாதவிடாய் ஒழுங்கு தவறினால் உங்கள் வீட்டிலும் வேலையிலும் எவ்வளவு சிக்கல் வரும்? என் அனுபவத்தில் முதல் கேள்வியில் இந்தப் பொருள் நல்ல மதிப்பெண் பெறுகிறது, இரண்டாவதில் தடுமாறுகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட தைப்பூசங்களை இதனுடன் கடந்துவிட்டதால், இரண்டையும் பற்றி ஓரளவு உறுதியாகவே எழுத முடிகிறது.

பொருளைப் பற்றி முதலில். இது 4 சென்டிமீட்டர் நீளமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட, வளையக்கூடிய ஒரு சிறு குச்சி. அதனுள் 68 மில்லிகிராம் எட்டோனோஜெஸ்ட்ரல் என்னும் புரோஜெஸ்டோஜன் வகை ஹார்மோன் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் சிறிதும் இல்லை. மேற்கையின் உட்புறத்தில் தோலுக்கு அடியில் பொருத்திய பின், தொடக்க வாரங்களில் நாளொன்றுக்கு 60 முதல் 70 மைக்ரோகிராம் மருந்து வெளியாகிறது. மூன்றாம் ஆண்டின் முடிவில் அது 25 முதல் 30 மைக்ரோகிராமாகக் குறைகிறது. கருமுட்டை வெளிப்படுவதை நிறுத்துவதும் கருப்பை வாயிலுள்ள சளியைத் தடிப்பாக்குவதும் இதன் வேலை. பொருத்திக்கொண்டவர்களில் ஆண்டுக்கு 1,000 பேரில் ஒருவர் அளவுக்கே கருத்தரிப்பு நேர்கிறது. மாத்திரையை எல்லோருக்கும் வரும் மறதிகளோடு சாப்பிடுபவர்களில் இந்த எண்ணிக்கை 100 பேரில் ஏறத்தாழ 7. இரவு வேலை, பகல் வேலை என்று மாறி மாறிப் போகிறவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் நான் இதைத் தேடிப் போனது மறதிக்காக அல்ல, ஆராவுக்காக. தலைவலி வருவதற்கு முன் எனக்குப் பார்வையின் நடுவில் ஒரு சிறு மங்கல் விழும். சிராங்கூன் சாலையில் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது, எதிரே வரும் 147-ல் நடுவிலுள்ள 4 மட்டும் காணாமல் போய் 1, 7 இரண்டும் தெரியும். பிறகு அந்த மங்கலைச் சுற்றி வெள்ளி நிறத்தில் கோணல்மாணலான ஒரு கோடு மின்னிக்கொண்டே ஓரத்தை நோக்கி விரியும். அரை மணி நேரத்தில் அது மறைந்ததும் ஒரு பக்கத்து நெற்றிப்பொட்டில் வலி தொடங்கும். இப்படிச் சில நிமிடங்களில் மெல்லப் பரவி, 5 நிமிடம் முதல் 60 நிமிடம் வரை நீடித்து, முழுமையாக விலகிவிடும் அறிகுறிதான் ஆரா. சிலருக்குக் கை மரத்துப்போவதும் சொல் குழறுவதும்கூட இதில் அடங்கும். வலி கடுமையாக இருக்கும்போது வெளிச்சம் கூசுவதும் கண் லேசாக மங்குவதும் ஆரா அல்ல. அது ஒற்றைத் தலைவலி உள்ள பெரும்பாலோருக்கு வரக்கூடியது. கருத்தடையைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லாமே இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

காரணம் பக்கவாதம். மூளையின் மேற்பரப்பில் ஒரு மின் அலை மெல்லப் பரவுவதால் ஆரா தோன்றுகிறது. ஆரா உள்ள பெண்களுக்கு ரத்த உறைவால் ஏற்படும் பக்கவாதத்தின் ஆபத்து மற்றவர்களைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. சாதாரணக் கருத்தடை மாத்திரையிலுள்ள எத்தினில் ஈஸ்ட்ராடியால் என்னும் ஈஸ்ட்ரோஜன் ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டுகிறது. இரண்டும் சேரும்போது நேர்வதைத் தலைவலி, கருத்தடை ஆகிய துறைகளின் ஐரோப்பிய வல்லுநர்கள் 2017-ல் கணக்கிட்டுச் சொன்னார்கள். ஒற்றைத் தலைவலியும் இல்லாமல் ஹார்மோன் கருத்தடையும் எடுக்காத இளம் பெண்களில் ஆண்டுக்கு 100,000 பேருக்கு 2.5 பேருக்கு இத்தகைய பக்கவாதம் வருகிறது. ஹார்மோன் கருத்தடை மட்டும் எடுப்பவர்களில் அது 6.3, ஆராவுடன் கூடிய ஒற்றைத் தலைவலி மட்டும் உள்ளவர்களில் 5.9, இரண்டும் சேர்ந்தவர்களில் 36.9. ஆரா இல்லாத ஒற்றைத் தலைவலியில்கூட 4.0 என்பது கருத்தடையுடன் 25.4 ஆகிறது. அந்தக் கணக்குக்கு அடிப்படையான ஆய்வுகள் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகளைப் பற்றியவை. 100,000-ல் 37 என்பது சிறிய எண்தான் என்று என் கணவர் சொன்னார், உண்மைதான். ஆனால் அதே பலனை வேறு வழியில் பெற முடியும்போது, அந்த 37 பேரில் ஒருவராக இருக்கும் வாய்ப்பை ஏன் விலை கொடுத்து வாங்க வேண்டும்?

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டி இதை நான்கு படிகளில் வைக்கிறது. 1 என்றால் தடையில்லை, 4 என்றால் பயன்படுத்தவே கூடாது. ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை, தோலில் ஒட்டும் பட்டை, யோனியில் வைக்கும் வளையம் ஆகிய அனைத்தும் ஆரா உள்ளவர்களுக்கு எந்த வயதிலும் 4. ஆரா இல்லாதவர்கள் 35 வயதுக்குள் தொடங்குவது 2. 35 வயதான பின் தொடங்குவது 3. மாத்திரை எடுக்கும் காலத்தில் ஒற்றைத் தலைவலி புதிதாகத் தோன்றினால் 35-க்குக் கீழே 3, அதற்கு மேலே 4. இம்பிளாண்ட், அதாவது என் கையில் இருப்பது போன்ற குச்சி, ஆரா உள்ளவர்கள் தொடங்குவதற்கு 2. பொருத்திய பிறகு ஆரா புதிதாகத் தோன்றினால் அல்லது மோசமானால் 3. பிரிட்டனின் 2016 வழிகாட்டி இரு நிலைகளிலும் 2 என்றே சொல்கிறது. கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி மட்டும் ஒற்றைத் தலைவலி உள்ள எல்லோருக்கும் 1.

இவ்வளவு தெளிவாக எழுதப்பட்டிருக்கும் ஒன்றை இங்கே உள்ள மருத்துவச் சேவைகள் எப்படிக் கையாள்கின்றன என்பதையும் மதிப்பிட வேண்டும். சிங்கப்பூரில் கருத்தடை மாத்திரைக்கு மருத்துவரின் மருந்துச் சீட்டு தேவை. ஆகவே, மருந்துக் கடைப் பெண்மணி அல்ல, மருத்துவர்தான் அந்த ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். எங்கள் வட்டாரத்து மருந்தகம் (கிளினிக்) ஒன்றில் ரத்த அழுத்தம் பார்த்தார்கள், புகைபிடிப்பீர்களா என்று கேட்டார்கள். தலைவலியைப் பற்றிக் கேட்கவில்லை. நானே சொன்னபோது, ‘பனடோல் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையை எழுதினார்கள். கைபேசி வழியாக மருந்து அனுப்பும் சேவை ஒன்றில் படிவம் நீளமாக இருந்தது. அதில் ‘உங்களுக்குத் தலைவலி உண்டா’ என்று ஒரே ஒரு கட்டம். தலைவலி இல்லாத பெண் யார்? அந்தக் கட்டத்தைத் தொட்டதும் மறுக்கும் இயந்திரமும் சரியல்ல, விட்டுவிடும் இயந்திரமும் சரியல்ல. வலிக்கு முன் கண்ணில் என்ன தெரிகிறது என்று கேட்பதற்கு இன்னொரு வரி போதும்.

மகளிர் மருந்தகம் ஒன்றில் நான் பார்த்த மருத்துவர் வேறு மாதிரி. ஒரு தாளை நீட்டி, ‘நீங்கள் காண்பதை வரைந்து காட்டுங்கள்’ என்றார். நான் கோணல் கோட்டை வரைந்ததும், அது எத்தனை நிமிடத்தில் பரவுகிறது, இரண்டு கண்ணிலும் தெரிகிறதா, கண்ணை மூடினாலும் தெரிகிறதா என்று கேட்டார். ஈஸ்ட்ரோஜன் கலந்தவற்றை ஓரமாக ஒதுக்கிவிட்டு, மீதமுள்ளவற்றை மட்டும் மேசையில் வைத்துப் பேசினார். கருத்தடை ஆலோசனைக்குச் செல்லும் யாரும் இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்: ஆராவைப் பற்றித் துருவிக் கேட்காமல் சீட்டு எழுதும் இடத்துக்கு இரண்டாம் முறை போக வேண்டியதில்லை. தலைவலியை ‘தலை சுத்தல்’ என்று சொல்லிப் பழகிய பெண்கள் நம்மிடையே உண்டு. கண்ணில் பூச்சி பறப்பதுபோல் இருக்கிறது என்று சொன்னால் பித்தம் என்று சுக்குக் காப்பி வைத்துக் கொடுக்கும் மாமியாரும் உண்டு. மருத்துவரிடம் போகுமுன் தாளில் வரைந்து எடுத்துச் சென்றால் மொழிச் சிக்கல் பாதி தீர்ந்துவிடும்.

பொருத்துவது பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அதிகம் பயன்படுத்தாத கையை மடக்கித் தலைக்குப் பின்னால் வைக்கச் சொன்னார்கள். மரத்துப்போகும் ஊசிதான் வலித்தது. அதன் பிறகு, மருந்து ஏற்றிய கருவி தோலுக்கு அடியில் நழுவும் அழுத்தம் மட்டும் தெரிந்தது. முடிந்தவுடன் தாதி என் விரலைப் பிடித்து, குச்சியின் இரு முனைகளையும் தொட்டுப் பார்க்க வைத்தார். இந்தப் படியைத் தவிர்க்க விடாதீர்கள். பொருத்தியதாக எண்ணி, குச்சி உள்ளே போகாமலேயே வீடு திரும்பியவர்கள் உலகில் இருக்கிறார்கள். கட்டை மறுநாள் அவிழ்த்தேன். மஞ்சளும் நீலமுமாக ஒரு கன்றல் சில நாள் இருந்தது. மாதவிடாய் தொடங்கிய முதல் 5 நாள்களுக்குள் பொருத்தினால் உடனே பாதுகாப்பு உண்டு. மற்ற நாள்களில் பொருத்தினால் 7 நாள்களுக்கு ஆணுறையும் தேவை. கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை: ஆலோசனை, குச்சி, பொருத்தும் கூலி ஆகிய மூன்றையும் தனித்தனியே கேட்டுக்கொள்ளுங்கள். குச்சியின் விலையை மட்டும் தொலைபேசியில் சொல்லும் இடங்கள் உண்டு. எடுப்பதற்குத் தனிக் கட்டணம் இருக்கிறதா என்பதையும் அன்றே கேட்பது நல்லது.

இனித் தலைவலி. பலர் எதிர்பார்ப்பதுபோல் இது தலைவலிக்கு மருந்து அல்ல. அமெரிக்க மருந்துக் குறிப்பில், ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 24.9 விழுக்காட்டினர் தலைவலியைக் குறிப்பிட்டதாக இருக்கிறது; அதன் காரணமாகவே எடுத்துவிட்டவர்கள் 1.6 விழுக்காட்டினர். ஈஸ்ட்ரோஜன் அளவு திடீரென்று இறங்கும்போது ஒற்றைத் தலைவலி வருவது தெரிந்த செய்தி. 21 நாள் மாத்திரை சாப்பிட்டு 7 நாள் நிறுத்துபவர்களுக்கு அந்த இடைவெளி வாரத்தில் வலி வருவது இதனால்தான். இம்பிளாண்டில் அப்படி ஓர் இடைவெளி இல்லை. என்னைப் பொறுத்தவரை, மாதவிடாயை ஒட்டி வந்த கடுமையான வலி தணிந்தது. மற்ற நேரங்களில் வரும் வலி அப்படியேதான் இருக்கிறது. ஆராவும் வருகிறது, முன்பைவிட அடிக்கடி அல்ல. முதல் மாதங்களில் தலைவலி நாட்குறிப்பு எழுதி வைத்தது பயன்பட்டது. ஆரா அடிக்கடி வரத் தொடங்கினால் குச்சியை எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நாட்குறிப்பு இல்லாமல் அதை எப்படி அறிவது?

குறை என்று சொல்ல வேண்டியது ரத்தப்போக்குதான். இதை முன்கூட்டியே கணிக்க முடியாது. ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மாதவிடாய் முற்றிலும் நின்றுவிடுகிறது. ஏறத்தாழ அதே அளவினருக்கு அடிக்கடியோ நீண்ட நாள்களோ போகிறது. ஆய்வுகளில் 11.1 விழுக்காட்டினர் இதற்காகவே எடுத்துவிட்டார்கள். எனக்கு அதிகமாகப் போவதில்லை. ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் சிறு கறையாக வந்து, நிற்கிறதா தொடர்கிறதா என்று தெரியாமல் இழுக்கும். உடலுக்கு இது தீங்கில்லை. ஆனால் பூசை அறைக்குள் போகலாமா, கோயிலுக்குக் கிளம்பலாமா என்று நாள் பார்த்து வாழும் வீட்டில் இதன் சுமை வேறு. ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டவருக்கு, விரத நாள்களின் நடுவே வரும் ஒரு சொட்டுக் கறை பெரிய செய்தி. அதை நம்பாதவர்கள் சிரிக்கலாம். நானும் பாதி நம்பாதவள்தான். ஆனால் வீட்டில் மூவர் நம்பும்போது, நான்காமவரின் கருத்துக்கு அங்கே இடமில்லை.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையை நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கருத்தடையைப் பற்றிப் பேசும்போது யாரும் இதைச் சொல்வதில்லை. தைப்பூசம், திருமணம், சபரிமலை செல்லும் கணவரின் இருமுடிக் கட்டு என்று வந்தால், மாதவிடாயைத் தள்ளிப்போட மாத்திரை வாங்குவது நம் பெண்களிடையே மிகச் சாதாரணம். ‘ப்ரைமோலுட்-என் ரெண்டு அட்டை வாங்கி வெச்சிருக்கேன், உனக்கு வேணுமாம்மா?’ என்று பக்கத்து புளோக் அக்கா கேட்பார். அதிலுள்ள நோரெத்திஸ்டரோன் புரோஜெஸ்டோஜன்தான். பெயரளவில் ஈஸ்ட்ரோஜன் இல்லை. ஆனால் தள்ளிப்போடுவதற்காக நாளுக்கு மூன்று வேளை 5 மில்லிகிராம் எடுக்கும்போது, உடல் அதில் ஒரு பங்கை எத்தினில் ஈஸ்ட்ராடியாலாக மாற்றுகிறது. நாளுக்கு 10 முதல் 20 மில்லிகிராம் நோரெத்திஸ்டரோன் எடுப்பது, 20 முதல் 30 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன் உள்ள ஒரு கருத்தடை மாத்திரையை விழுங்குவதற்கு ஒப்பானது. மருத்துவர் ஒதுக்கிய அதே பொருள் வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிடுகிறது. ஆரா உள்ளவர் இதை அக்காவின் அட்டையிலிருந்து எடுக்கக் கூடாது. மருத்துவரிடம் சொல்லி, ஈஸ்ட்ரோஜனாக மாறாத மெட்ராக்ஸிபுரோஜெஸ்டரோன் போன்ற மாற்று உண்டா என்று கேட்கலாம்.

இம்பிளாண்டுக்குப் பொருந்தாத இன்னொரு கூட்டமும் ஒற்றைத் தலைவலிக்காரர்களிடையேதான் இருக்கிறது: வலி வராமல் தடுக்க டோபிரமேட் எடுப்பவர்கள். அந்த மருந்து கல்லீரலில் ஹார்மோனைச் சிதைக்கும் வேகத்தைக் கூட்டுகிறது. அதனால் இம்பிளாண்டின் பாதுகாப்பும் மாத்திரையின் பாதுகாப்பும் குறையலாம். அதே டோபிரமேட் கருவிலுள்ள குழந்தைக்குக் குறைபாடுகளை உண்டாக்கக்கூடியது என்பதால் 2024-ல் பிரிட்டன் இதற்கென ஒரு கர்ப்பத் தடுப்புத் திட்டத்தையே கொண்டுவந்தது. தலைவலி மருத்துவர் ஒரு கட்டடத்திலும் மகளிர் மருத்துவர் இன்னொரு கட்டடத்திலும் இருக்கும் ஊரில், இரண்டு மருந்துப் பட்டியலையும் ஒரே தாளில் கொண்டுபோவது நோயாளியின் வேலையாகிவிடுகிறது. புரோப்ரனோலோல் எடுப்பவர்களுக்கும், வலி வந்தபின் சுமாட்ரிப்டான் போடுபவர்களுக்கும் இந்தச் சிக்கல் இல்லை. மனச்சோர்வுக்கென்று கடைகளில் விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை டோபிரமேட்டைப் போலவே இடையூறு செய்யும்.

மற்ற தேர்வுகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். டெசோஜெஸ்ட்ரல் உள்ள மினி மாத்திரை, ஈஸ்ட்ரோஜன் இல்லாதது, இடைவெளி விடாமல் தினமும் எடுப்பது. 12 மணி நேரம் வரை தாமதித்தாலும் பாதுகாப்பு குறையாது. பிடிக்காவிட்டால் அன்றே நிறுத்தலாம் என்பதால், புரோஜெஸ்டோஜன் உங்கள் தலைக்கு ஒத்துக்கொள்கிறதா என்று சோதிக்க இதுவே எளிய வழி. டெப்போ புரோவேரா ஊசியை டோபிரமேட் பாதிப்பதில்லை. ஆனால் போட்டுவிட்டால் 3 மாதத்துக்குத் திரும்ப எடுக்க முடியாது, எலும்பின் அடர்த்தியும் குறையும். தலைவலி எப்படிப் போகும் என்று தெரியாத நிலையில் நான் இதைத் தொடமாட்டேன். காப்பர் டி-யில் ஹார்மோனே இல்லை, ஆனால் மாதவிடாய் கூடுதலாகவும் வலியோடும் போகலாம். ரத்தசோகை உள்ளவர்கள் யோசிக்க வேண்டும்.

ஹார்மோன் உள்ள கருப்பைச் சாதனமான மிரேனாவைத் தனியே சொல்லக் காரணம் உண்டு. 2025-ல் டென்மார்க்கிலிருந்து, 2 மில்லியனுக்கும் மேற்பட்ட பெண்களின் பதிவேடுகளை ஆராய்ந்த ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை எடுத்தவர்களுக்கு ரத்த உறைவால் வரும் பக்கவாதம், எதுவும் எடுக்காதவர்களைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு, இது எதிர்பார்த்ததே. புரோஜெஸ்டோஜன் மட்டும் உள்ள மாத்திரையிலும் 1.6 மடங்கு, இம்பிளாண்டில் 2.1 மடங்கு என்று வந்ததுதான் புதிது. இம்பிளாண்ட் பயன்படுத்தியவர்கள் அதில் குறைவு என்பதால் அந்த எண்ணில் ஆட்டம் அதிகம். அது ஒற்றைத் தலைவலி உள்ளவர்களை மட்டும் பார்த்த ஆய்வும் அல்ல. தனி மனுஷிக்கு ஆபத்து மிகச் சிறியது என்பதையும் ஆய்வாளர்களே சொல்கிறார்கள். ஆனால் ஹார்மோன் உள்ள கருப்பைச் சாதனத்தில் மட்டும் ஆபத்து கூடவில்லை. மிரேனாவின் 52 மில்லிகிராம் லெவோநோர்ஜெஸ்ட்ரலில் ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு, வேலையைப் பெரும்பாலும் கருப்பைக்குள்ளேயே முடித்துவிடுகிறது. டோபிரமேட்டும் அதைக் கெடுப்பதில்லை. பொருத்தும்போது வரும் வலிக்குத்தான் பயப்பட வேண்டும், அதைக் குறைத்துச் சொல்லும் மருந்தகங்களை நம்ப வேண்டாம்.

ஆகவே என் மதிப்பீடு இதுதான்: ஆரா உள்ள, டோபிரமேட் எடுக்காத, மாதவிடாய் நாள் தவறினால் பெரிதாகக் கவலைப்படாத பெண்ணுக்கு இம்பிளானான் என்எக்ஸ்டியைத் தயங்காமல் சொல்வேன். இந்த ஆய்வு வந்ததற்காக என் குச்சியை இடையில் எடுக்கவில்லை. மருத்துவரும் எடுக்கச் சொல்லவில்லை, ரத்த அழுத்தத்தை மட்டும் ஒழுங்காகப் பார்க்கச் சொன்னார். பொருத்தியபோது கொடுத்த அட்டையில் எழுதியிருக்கும் தேதி வந்ததும் குச்சியை எடுத்துவிட்டு, அதே வருகையில் மிரேனா பொருத்த முடியுமா என்று ஏற்கனவே கேட்டு வைத்திருக்கிறேன். முடியும் என்றார்கள், பழையதை எடுக்க ஒரு நாள், புதியதற்கு ஒரு நாள் என்று இரண்டு முறை விடுப்பு எடுக்கத் தேவையில்லை.